கிரனாடாவுக்கு இரண்டு பேர்

பன்னீர் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இதுதான் பருவம் என்று ஒன்று கிடையாது. எப்போது கொடியைக் கவாத்து வெட்டுகிறோமோ அதிலிருந்து நாலு மாதத்தில் பந்தலில் பழம் தொங்கும். அதனால் பழம் நல்ல விலைக்குப் போகும் நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில், காமயகவுண்டன்பட்டிச் சாலையில் தோட்டம் வைத்திருக்கும் பாஜிலாவை மிஞ்ச ஆள் இல்லை. கவாத்துக்கு ஆட்களைக் கூட்டிவரும் இருளம்மாளே, வேறு தோட்டக்காரர்கள் நாள் கேட்டால், "பாஜிலாக்கா எப்ப வெட்டுறாகன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள்.

உத்தமபாளையத்தில் பிறந்து, பத்தாவது முடித்து, கொஞ்ச நாள் தையல் பழகிவிட்டுக் கலீல் ரஹ்மானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தபோது திராட்சைக் கொடிக்கும் பாகற்கொடிக்கும் வித்தியாசம் தெரியாது. மாமனார் படுக்கையில் விழுந்த வருடம், கணவர் கடையைப் பார்க்க, இவள் தோட்டத்தில் இறங்கினாள். எந்த மொட்டில் வெட்டினால் குலை வரும், எந்த மேகத்துக்கு மருந்தடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். மகள் ஃபர்ஹீன் படித்ததும் இப்போது கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பதும் அந்தப் பந்தலில் விளைந்ததுதான்.

இவ்வளவு செய்தவளுக்கு ஒன்று மட்டும் நடக்கவே இல்லை. கணவரோடு தனியாக ஓர் ஊருக்குப் போனதில்லை. கல்யாணம் ஆன மறு வாரம் தேக்கடிக்குப் போனார்கள். ஒரு ஜீப் நிறையச் சொந்தக்காரர்கள். மாப்பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில். பெண் பின்னால் மாமியாருக்கும் பிரியாணிச் சட்டிக்கும் நடுவில். அதன்பிறகு ஏர்வாடி, நாகூர், ஊட்டி எல்லாம் வேன்தான். உம்ராவுக்கு மக்கா போனபோதும் பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஒருவர் எங்காவது கிளம்புகிறார் என்று தெரிந்தால் "அப்படியே நாங்களும்" என்று வந்து சேர்வதுதான் அந்தக் குடும்பத்தில் பாசம். தனியாகப் போனால் என்னவோ சண்டை என்று நினைப்பார்கள்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரப்போகிறது, எங்காவது போய்விட்டு வாருங்கள் என்று ஃபர்ஹீன்தான் ஆரம்பித்தாள். எந்த ஊர் என்று கேட்டதும், பாஜிலா யோசிக்காமல் கிரனாடா என்றாள். ஸ்பெயினில் இருக்கும் அந்தப் பழைய ஊரையும், அங்கே குன்றின்மேல் முஸ்லிம் சுல்தான்கள் கட்டிய அல்ஹம்ரா அரண்மனையையும் போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். மற்றவர்கள் அங்கே சுவரில் உள்ள வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள். இவள் தண்ணீரைப் பார்த்தாள். முற்றத்தின் நடுவே விரல் அகலத்துக்கு வாய்க்கால், படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில்கூட வாய்க்கால். மோட்டார் இல்லாத காலத்தில் குன்றின்மேல் தண்ணீர் எப்படி வந்தது? ஆற்றை வெகு தூரம் மேலேயே மறித்து, மலைச் சரிவோடு தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னபோது, வாட்டம் பார்த்தவன் யாரோ நம் ஆள்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

நான்கு இரவுகள் தங்குவது என்று முடிவாயிற்று. குமுளி வழியாக இறங்கிக் கொச்சியில் விமானம் ஏற வேண்டும். மாட்ரிட்டில் இறங்கி அங்கிருந்து ரயில். கலீல் ரஹ்மான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அவருடைய குணமே அதுதான். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. கடன் கேட்பவர், கல்யாணத்துக்குக் காரைக் கேட்பவர், நோட்டீஸ் ஒட்டச் சுவரைக் கேட்பவர் எல்லாரும் அவரிடம் சிரித்த முகமாகத் திரும்பிப் போவார்கள். அப்படிப்பட்ட மனிதர், அசர் தொழுகை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, ஸ்பெயினுக்குப் போகப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் கம்பத்துக்கே தெரிந்துவிட்டது. முதலில் அவருடைய தம்பி உமர் பாருக் வந்தார். தானும் மனைவியும் எடுத்து வைத்த பாஸ்போர்ட் சும்மா கிடக்கிறது என்றார். அவருக்குப் பின்னாலேயே பெரியத்தா மகன், கலீலுக்கு அண்ணன் முறை, அப்துல் அஜீஸ். குடும்பத்தில் எந்தப் பயணம் என்றாலும் வேன் பேசுவதும் சமையல்காரரைக் கூட்டுவதும் அஜீஸின் வேலை. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டது.

"அங்கன வேன் கிடைக்கும்ல தம்பி? அரிசிய இங்கனருந்தே கொண்டு போயிருவோம்" என்றார் அஜீஸ். "பாரிசு பக்கத்துலதான இருக்கு, அதையும் எட்டிப் பாத்துட்டு வந்துருவோம்."

"அதுக்கென்னாண்ணே, போவோம்" என்றார் கலீல்.

டீ கொண்டுவந்த பாஜிலாவுக்கு, வேண்டாம் என்று குறுக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன சொல்வது? நாற்பத்தைந்து வயதில், கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போக வேண்டும் என்று ஒரு பெண் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? சபை சிரிக்காதா? சொல்லாவிட்டாலோ, பழைய ஜீப்பே இன்னொரு தடவை கிளம்பும். விமானத்தில் போகும், அவ்வளவுதான்.

சொல்ல முடியாததைச் செய்து முடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உமர் பாருக்குக்கும் அஜீஸுக்கும்கூடத் திராட்சைத் தோட்டம் உண்டு. கல்யாண நாள் அக்டோபர் முதல் வாரம். அதை ஒட்டியே ஆயுத பூசை. பூசைக்குப் பழம் இறக்கினால் விலை நிச்சயம். அதற்கு ஜூனில் கவாத்து வெட்ட வேண்டும். பழம் முற்றி நிற்கும்போது எந்தத் தோட்டக்காரனும் ஊரைவிட்டு நகர மாட்டான். காக்கை, மழை, வியாபாரி, மூன்றையும் பார்க்க ஆள் வேண்டும். அவள் உமர் பாருக்கிடமும் அஜீஸிடமும் பொய் எதுவும் சொல்லவில்லை. ஜூனில் வெட்டுங்கள், பூசைக்கு நல்ல விலை போகும் என்றாள். அது உண்மை. பாஜிலா சொன்னால் பள்ளத்தாக்கு கேட்கும், இருவரும் கேட்டார்கள். தன் தோட்டத்தை மட்டும் மே மாதமே வெட்டினாள். செப்டம்பரில் பழம் போய்விடும், பந்தல் ஓய்வெடுக்கும், இவளும் ஓய்வெடுக்கலாம்.

"எல்லாருக்கும் பூசை நாளச் சொல்லிட்டு நம்ம தோட்டத்த மட்டும் ஏன் முன்னாடி வெட்டுறீக?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"நீ வெட்டு, ஆத்தா" என்றாள் பாஜிலா. இருளம்மாள் சுருட்டைக் கொடி ஒன்றை இழுத்துக் கத்தரித்துவிட்டு, எல்லாம் புரிந்தவள் போலச் சிரித்தாள்.

ஆகஸ்டில் உமர் பாருக் வந்து, பழத்தை விட்டுவிட்டு வர முடியாது போலிருக்கிறது மதினி, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று வருத்தப்பட்டார். பாஜிலாவும் வருத்தப்பட்டாள். அஜீஸின் பந்தலிலும் குலை குலையாகக் காய். அவரும் பாரிஸ் பற்றிப் பேசுவதைக் குறைத்திருந்தார்.

ஆனால் திராட்சைக் கொடியால் கட்டிப்போட முடியாத ஒருத்தி உத்தமபாளையத்தில் இருந்தாள். பாஜிலாவின் சொந்த அக்கா ரஹ்மத். அக்காவுக்குத் தோட்டமும் இல்லை, துரவும் இல்லை. அவளும் வருகிறாள் என்று கலீல் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னபோது, பாஜிலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மா இறந்த பிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா. தங்கச்சி தோட்டத்துப் பழம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடப் பெருமை பேசுகிறவள். அவளிடம் தந்திரம் செய்ய பாஜிலாவுக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் ஃபர்ஹீன் போன் செய்து, அரண்மனைக்கு ஆள் பேரோடு முன்பதிவு செய்ய வேண்டும், விசாவுக்குச் சென்னையில் நாள் வாங்க வேண்டும், எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்லுங்கள் என்றாள். மறுநாளே பாஜிலா உத்தமபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினாள்.

ரஹ்மத் கூடத்தில் ஒரு பழைய சேலையை விரித்து, அதன்மேல் பொட்டலங்களைப் பரப்பியிருந்தாள். பருப்புப் பொடி, இடித்த மிளகு, காய வைத்த கறி. ஒவ்வொன்றையும் இரண்டு பையில் போட்டு, பையின் வாயை விளக்குத் திரியில் காட்டி ஒட்டியிருந்தாள். உனக்குக் குளிர் ஆகாதே என்று தங்கைக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு. அதைப் பார்த்ததும், பஸ்ஸில் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் பாஜிலாவுக்குக் கலைந்துபோனது. கடைசியில் பொட்டலங்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, நானும் அவுகளும் மட்டும் போயிட்டு வரணும்னு ஆசையா இருக்கு."

ரஹ்மத் ஸ்வெட்டரை மடித்து முடித்தாள். ஓரம் சரியாக இல்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த? போன்ல சொன்னா ஆகாதா?" என்றாள். "எம் முட்டிக்கு நம்ம வீட்டு மாடியே ஏற முடியல. நான் அந்தக் கோட்டையில ஏறப் போறேனா? ஒம் மாப்பிள்ளைதான் வந்து உக்காந்துக்கிட்டு, வாங்க மதினி, வாங்க மதினின்னு ஒத்தக் கால்ல நின்னாக."

"அவுகளா கூப்பிட்டாக?"

"ஆமா. எங்கூட மட்டும்னா அவளுக்குப் பேச்சுத் துணை இருக்காது, பாவம், அலுத்துப் போகும், நீங்க இருந்தாத்தான் சந்தோசமா இருப்பாள்னு சொன்னாக. நான் உனக்காக ஒத்துக்கிட்டேன்."

பாஜிலா அப்படியே சேலையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர், தன்னோடு தனியாக இருந்தால் மனைவிக்கு அலுத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ரஹ்மத் தலையில் ஒரு குட்டு வைத்து, ஸ்வெட்டரையும் பருப்புப் பொடியையும் பையில் திணித்து, கலீலுக்கென்று தனியாக ஒரு மப்ளரையும் வைத்துத் தங்கையை பஸ் ஏற்றிவிட்டாள்.

பாஜிலா வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்தில் இறங்கினாள். கலீல் குறட்டால் பந்தல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வரவில்லை என்று சொன்னாள். அவர் முகம் வாடிப்போய், அப்ப உனக்குத் துணைக்கு யார் என்று கேட்டார். துணைக்குத்தான் இருபத்தைந்து வருடம் முன்னால் ஓர் ஆளைக் கட்டிக்கொண்டேனே என்று அவள் சொன்னாள். அவர் குறட்டைக் கீழே வைத்தார். பிறகு, பூசை விலையை விட்டு மே மாதம் கவாத்து வெட்டியது இதற்குத்தானா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அப்துல் அஜீஸ் மனைவி சபுராவோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் மலர்ச்சி. நாற்காலியில் உட்காரும் முன்பே செய்தியைச் சொல்லிவிட்டார். "காயா இருக்கையிலேயே கோட்டயத்து வியாபாரிகிட்டப் பந்தலோட பேசி விட்டுட்டேன் தம்பி. இனிமே காவலும் அவன் பாடு, வெட்டும் அவன் பாடு. நான் ப்ரீ. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் போடச் சொல்லு."

காயைப் பந்தலோடு விற்றுவிடுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. அத்தனை நாளையும் எண்ணிப் பார்த்தவள் அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாள். டீத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றவள், கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதுக்கென்னாண்ணே என்ற சொல் அவர் வாய்க்கு வந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. வந்த சொல்லை அவர் விழுங்கினார்.

"அண்ணே, நீங்க வர வேண்டாம்" என்றார் கலீல்.

அஜீஸ் காதில் சரியாக விழவில்லை என்பதுபோலப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிறாதீக. நானும் பாஜிலாவும் மட்டும் போயிட்டு வர்றோம்."

"ரெண்டே பேரா? அங்கன போயி ரெண்டு பேரும் என்னா செய்வீக?"

"தெரியலண்ணே" என்றார் கலீல். "போயித்தான் பாக்கணும்."

சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ப்ரீன்னு சொன்னீகள்ல? அந்த வாரம் நம்ம ரெண்டு பேரும் எங்கனயாச்சும் போவோம்."

"நீ வேற. எங்கன போறது?"

"மூணாறு. ஆத்து ஓரமா ஒரு ரூம்பு இருக்கு. வாசல்ல ஊஞ்சல் கட்டியிருக்காக" என்றாள் சபுரா, வெகு நாளாகப் பார்த்து வைத்தவள் போல.

இத்தனை பயணத்தையும் ஏற்பாடு செய்த அப்துல் அஜீஸுக்கு, இரண்டே பேருக்கு என்ன ஏற்பாடு செய்வது என்று தெரியவில்லை. பாஜிலா நீட்டிய டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார், சபுராவைப் புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்தார். சரி என்று மெல்லச் சொன்னார்.

பாஜிலா தட்டை வைத்துவிட்டு வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலீல் ரஹ்மான் அதற்குள் போனை எடுத்து மகளை அழைத்திருந்தார். எத்தனை டிக்கெட் என்று அவள் கேட்பது வெளியே கேட்டது.

"ரெண்டுதாம்மா" என்றார் அவர். "மாத்த முடியாத டிக்கெட்டுன்னு ஏதாச்சும் இருந்தா, அதையே போட்டுரு."