பண்டாரவளையில் ஏறிய அண்ணன்

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்ததற்காகத்தான் அந்த மலைரயில் பயணம் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் அதை முழுமையாக நம்பினேன். செங்கலடியில் விடியற்காலைப் பஸ் ஏறி, பதுளையில் ரயிலுக்கு மாறி, யன்னலோரத்தை எனக்குக் கிடைத்த பரிசாகவே கருதி அமர்ந்தேன். எதிரெதிர் இருக்கைகளில் நாங்கள் நால்வர்: அம்மா, அம்மாவின் தமையனாகிய மாமா, இருவருக்கும் இளையவரான சின்னம்மா, நான்.

பயணத்தின் உண்மையான காரணம் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குச் சொல்லப்பட்டது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தன்னுடன் படித்த ஒருவரை மணக்கச் சின்னம்மா விரும்பியிருந்தார். அவர் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். எங்கள் குடும்பத்தில் மாமாவின் சம்மதமின்றி எந்தக் கலியாணமும் நடவாது. மாமாவோ, “தோட்டத்துச் சம்பந்தம் நமக்குச் சரிவராது” என்று, ஆளைப் பார்க்காமலேயே பேச்சை முடித்துவிட்டார். அவர் கெட்ட மனிதரல்லர். தான் அறியாதவர்களைப் பற்றி ஊர் சொன்னதை அப்படியே நம்பியவர். ஆகவே, யாரென்று தெரியுமுன்பே மாமாவுக்கு அவரைப் பிடித்துப்போகச் செய்வது என்று அம்மாவும் சின்னம்மாவும் தீர்மானித்திருந்தார்கள்.

பண்டாரவளையில் ஏறிய இளைஞர் ஒருவருக்காக, மாமாவின் பக்கத்தில் வைத்திருந்த பையை அம்மா எடுத்து இடம் கொடுத்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். வளாக வாசலில் ஒருநாள் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தவர்.

“அம்மா, இந்த அண்ணன்தானே…”

“வாயத் துறக்கிறதெண்டா வடைக்குத் துற,” என்று அம்மா, வீட்டிலிருந்து கொண்டுவந்த உளுந்து வடையொன்றை என் வாய்க்குள் திணித்தார்.

அதன்பின் நான் பேச முற்பட்ட ஒவ்வொரு தடவையும் வடையோ வாழைப்பழமோ வந்து சேர்ந்தது. சித்தியடைந்த பிள்ளையை இப்படித்தான் கவனிப்பார்கள் போலும் என்று மகிழ்ந்தேன். ஒரு பிள்ளையின் ஒற்றைச் சொல்லால் இருவரின் எதிர்காலம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, அம்மாவின் வடைகளை இன்று நான் மதிக்கிறேன்.

மாமா வயல்காரர். தன் வயல்வட்டைக்குத் தண்ணீர் வரும் கதையை அவர் தொடங்கினால், வீட்டில் எவரும் இரண்டு நிமிடம் தாங்கமாட்டோம். அந்த அண்ணன் அப்புத்தளை தாண்டும்வரை கேட்டார். இடையிடையே சந்தேகமும் கேட்டார். வெளியே மலைச்சரிவுகள் முகிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“தம்பிக்கு எந்த ஊர்?”

“ஹட்டன் பக்கம் தோட்டங்க. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. லயத்து வீட்டுலதான் இருக்கோம்.”

மாமா அவரை ஏறிட்டுப் பார்த்தார். சின்னம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டில் பெட்டி முழுவதும் கூவியது. நானும் கூவினேன். வெளிச்சம் திரும்பியபோது மாமா மெதுவாகக் கேட்டார்:

“படிப்பு முடிஞ்சுதா?”

“முடிஞ்சிருச்சுங்க. பட்டமளிப்புக்கு அம்மா வந்தாங்க. ராத்திரி பூரா பஸ்ல வந்த களைப்பு, என் பேரைக் கூப்பிடுறப்ப நல்லாத் தூங்கிட்டாங்க.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். வந்த வடைக்காரரிடம் எல்லோருக்குமாகக் கடலை வடை வாங்கினார். சின்னம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த செத்தல் மிளகாய்களைப் பொறுக்கி அகற்றிவிட்டு, அந்த அண்ணனிடம் நீட்டினார். அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாதென்று அந்தப் பெட்டியில் எவரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா என் வாயைக் காத்தாரேயொழிய, தங்கையின் கையைக் காக்க நினைக்கவில்லை. மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நானுஓயா வரும்வரை முதன்முறையாக மலைகளைப் பார்த்தார். என் வடையில் ஏன் யாரும் மிளகாய் பொறுக்கவில்லை என்பதே என் மனத்தாங்கலாக இருந்தது.

நானுஓயாவில் நாங்கள் இறங்க, அந்த அண்ணன் யன்னல்வழியாகப் பைகளை எடுத்துத் தந்தார். கடைசிப் பையை வாங்கும்போது மாமா கேட்டார்:

“நம்மட ஊர்ல வெக்கை கூட, தம்பி. தாங்குவீங்களா?”

அந்த அண்ணன் பையை விடாமலே நின்றுவிட்டார். “பழகிக்குவேங்க,” என்றார். அம்மாவிடம் தின்பண்டம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

“மாமா, அவர் ஹட்டனுக்குப் போறார். நம்மட ஊருக்கு இல்ல,” என்று நான் திருத்தினேன்.

மாமா சிரித்தார், அம்மாவும் சிரித்தார். சின்னம்மா சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான்; என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது; மாமா கேட்டது அதைத்தான் என்பதுதான் தெரியவில்லை.

ரயில் நகர்ந்தது. வளைவில் மறையும்வரை அவர் கையசைத்துக்கொண்டே போனார். இவ்வளவு நல்ல மனிதரை இனி எங்கே காணப்போகிறோம் என்று, அந்த மேடையில் நான் ஒருத்தி மட்டும் கவலைப்பட்டேன்.