ராகு காலம் முடியும்வரை ஒரு சீட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்கு முந்தின ஸ்டாப்புல பஸ் ஏறுறவ அவ. ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனியில பேக்கிங் வேலை. என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவ. தினமும் தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டுல வச்சு எனக்கு எடம் போட்டிருப்பா. கூட்டம் எம்புட்டு நெருக்கினாலும் பையை எடுக்க மாட்டா. "ஆள் வருது"ன்னு ரெண்டே வார்த்தை. எவனாவது மொறைச்சா இவ திருப்பி மொறைக்கிற மொறைப்புல பேசாம கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். பதினோரு வருசமா இப்படித்தான் எங்க பழக்கம்.

நானும் ராஜபாளையத்துலதான், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வச்சிருக்கேன். பிளேன் டிக்கெட் போடுறதுதான் தொழில். புக்கிங் பண்ற கறுப்பு ஸ்கிரீன்ல மூணெழுத்து கோடு வேர்டா அடிச்சு அடிச்சுப் பழகின விரல் இது. ஊருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, மவுசைத் தொட வேண்டியதே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன். அதுல எனக்குத் திமிரும் உண்டு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

எங்க பக்கத்துல டிக்கெட் போடுறதுக்குன்னே ஒரு முறை உண்டு. மொதல்ல பணம் கட்டாமலே சீட்டைப் புடிச்சு ஹோல்டுல வைக்கணும். சாயங்காலம் வரைக்கும், சில நேரம் மறுநாள் வரைக்கும் அது நிக்கும். ராகு காலம், எமகண்டமெல்லாம் போன பொறவுதான் டிக்கெட் அடிக்கணும். மில்லு மொதலாளியும் அப்படித்தான் கேப்பாரு, மொதமொதல்ல துபாய் போற சேத்தூர்க்காரனும் அப்படித்தான் கேப்பான். ஹோல்டுல வச்சிட்டு நாங்க பாட்டுக்கு வேற வேலை பாப்போம். ராகு கால அட்டவணை என் கம்ப்யூட்டருக்கு மேலயே ஒட்டியிருந்துச்சு.

பொறவு காலம் மாறுச்சு. கமிஷன் எப்பவோ போச்சு. ஒவ்வொரு பிளேன் கம்பெனியா கறுப்பு ஸ்கிரீனை விட்டுக் கழண்டுக்கிட்டு, குறைஞ்ச வெலை வேணும்னா எங்க வெப்சைட்டுக்கு வான்னுச்சு. எங்க தெருவுல இருந்த ஒரு டிராவல்ஸ் ஜெராக்ஸ் கடையாச்சு, இன்னொண்ணு சபரிமலைக்கு வேன் விடுது. நான் விடல. புது வெப்சைட்டுக்கு ஆன்லைன்ல பயிற்சின்னு கம்பெனிக்காரன் கூப்பிட்டான், உக்காந்தேன். ஒரு பொண்ணு படபடன்னு பேசுச்சு. இனிமே இதுல எந்த டிக்கெட்டுக்கும் ஹோல்டு கெடையாது, ஓரத்துல ஓடுற நிமிசத்துக்குள்ள பணம் கட்டி டிக்கெட் அடிச்சுரணும், இல்லாட்டி சீட்டு நமக்கு இல்லன்னு சொல்லுச்சு. காதுல விழலன்னு சொன்னா பொய். நேத்துப் பொறந்தது எனக்குப் பாடம் எடுக்குதான்னு சவுண்டைக் கொறைச்சு வச்சுட்டு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன்.

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை. மணி பத்தே முக்கால். பஸ்சுல எடம் போடுவாளே, அவ மதுரை ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டா. அவ புருசன் ரெண்டு மாசமா படுக்கை.

"அக்கா, அவியள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாவக்கா. இனி ஒண்ணும் செய்றதுக்கில்லையாம். புள்ள வந்துட்டானா, வந்துட்டானான்னு அதையேதான் கேக்காவ. இன்னிக்கு ராத்திரி பிளேன்ல அவனை வரவச்சிருங்கக்கா. ராகு காலம் மட்டும் போகட்டும்."

"அழாத ஏட்டி. நான் இருக்கேன்லா."

ஒத்தப் புள்ள. மஸ்கட்டுல வேலை. அன்னிக்கு ராத்திரி திருவனந்தபுரம் பிளேன்ல ஒரே ஒரு சீட்டு இருந்துச்சு. விடிய எறங்கி, செங்கோட்டை வழியா கார்ல வந்தா சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அப்பன் முகத்தைப் பாத்துரலாம். புது வெப்சைட்டுதான். பேரு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போட்டேன். வெலை வந்துச்சு, சீட்டும் வந்துச்சு. ஓரத்துல செவப்பா நிமிசம் ஓடுனதையும் பாத்தேன். பழைய ஸ்கிரீன்லயும் கெடு காட்டத்தான் செய்யும், அதை யாரு சட்டை பண்ணினா? புடிச்சாச்சுன்னு நெனச்சேன்.

செத்த நேரத்துல மஸ்கட்டுல இருந்து அவன் கூப்பிட்டான். "பெரியம்மா, அந்த பிளேன்ல என் போன்லயே ஒரு சீட்டு காட்டுது. போட்டுறட்டா?"

"அதைத் தொடாதலே. இங்க நான் ஹோல்டுல வச்சாச்சு. ராகு காலம் முடியட்டும், நானே அடிக்கேன்."

அவனும் சரின்னு வச்சுட்டான். அவனே போட்டுக்கிட்டா பொறவு நான் எதுக்குன்னு ஒரு நெனப்பு மனசுல வந்துச்சு. அது வந்தது உண்மை.

பன்னெண்டு அடிச்சு ஒரு நிமிசம். சாமியைக் கும்புட்டுட்டு அமுக்குனேன். நேரம் முடிஞ்சு போச்சு, மறுபடி தேடுன்னு வந்துச்சு. தேடுனேன். அந்த பிளேனே காட்டல. பழைய ஸ்கிரீனுக்குப் போய்க் கோடு கோடா அடிச்சேன். அவனைக் கூப்பிட்டேன். அவன் போன்லயும் இல்ல. பிளேன் கம்பெனிக்குப் போன் போட்டா பாட்டுப் பாடுச்சு. கொச்சி, சென்னை, எதுலயும் அன்னிக்குக் கெடைக்கல. மறுநாள் ராத்திரிதான் கெடைச்சது.

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவருக்கு நல்ல நெனவு. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டாக்கூட தலையைத் திருப்புனாராம். வெளக்கு வைக்கிற நேரத்துல உசுரு போச்சு. ஞாயித்துக்கிழமை மகன் வந்து எறங்கறப்போ ஐஸ் பெட்டிக்குள்ள கெடந்தாரு. கண்ணாடி மேல கையை வச்சுக்கிட்டு நின்னான். தலை நிமிந்தப்போ என்னைத்தான் பாத்தான். நான் கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சேன்.

"நீங்க நல்ல நேரம் பாத்துத்தான்க்கா போட்டிய. எங்க தலையெழுத்து"ன்னு அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. ராகு காலத்துல போட்டிருந்தா அந்த ஒரு நாள் கழிச்சுக்கூட வந்து சேந்திருக்க மாட்டான்னு அவ நம்பிக்கை. நான் அவ தலையைத் தடவிக் குடுத்தேன்.

பதினாறு முடிஞ்சு திரும்பிப் போறதுக்கு முன்னாடி அவன் என் ஆபீசுக்கு வந்தான். டிக்கெட்டை அவனே போன்ல போட்டிருந்தான். ஒரு பிரிண்ட் வேணும்னான். எடுத்துக் கொடுத்தேன். மடிச்சுப் பையில வச்சுட்டு, வாசல் வரைக்கும் போயிட்டு நின்னான்.

"என் போன்ல சீட்டு இருந்ததை அம்மாட்ட நான் சொல்லல பெரியம்மா. நீங்களும் சொல்லிராதிய. இனி அவியளுக்குப் பேச்சுத் தொணைக்கு நீங்க ஒராளுதான்."

திட்டியிருந்தான்னா தாங்கியிருப்பேன்.

இப்பல்லாம் நான் எந்த நேரமும் பாக்குறதில்ல. பணத்தை வை, டிக்கெட்டைப் புடின்னு கறாரா சொல்லிருதேன். கோவிச்சுக்கிட்டுப் போறவங்க போறாங்க. அட்டவணையைக் கிழிச்சாச்சு, பசை மட்டும் செவுத்துல இருக்கு.

அவ ஒரு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தா. அன்னிக்கு என் ஸ்டாப்புல பஸ் நின்னப்போ ஏறலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. ஏறுனேன். ஒரே கூட்டம். ஒரு பொம்பளை பையை எடுக்கச் சொல்லி அவகிட்ட சண்டைக்கு நின்னுச்சு. அவ பையை ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "ஆள் வருது, ஆள் வருது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா.