ஏழாம் கட்டில் நோயாளி

காலை பத்து இருபதுக்கு ஃபோன் வந்தது. நர்சிங் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ். எடுத்ததும் செய்தியைச் சொல்லவில்லை. அண்ணனின் முழுப் பெயரைச் சொல்லச் சொன்னாள். பிறந்த தேதி கேட்டாள். நான் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். எல்லாம் அண்ணனின் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையோடு பொருந்திய பிறகுதான், "அம்மா, முதல்ல உக்காந்துக்குங்க" என்றாள். பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டாராம். மாரடைப்பு. கொண்டுவந்தபோதே உயிர் இல்லை.

அவள் அப்படிப் பெயரைக் கேட்டதில் அண்ணனுக்கும் ஒரு பங்கு உண்டு.

அண்ணன் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் நர்சிங் கல்லூரியில் நோயாளியாக நடிக்கப் போனார். செய்முறைத் தேர்வன்று நீளமான அறையில் பத்துக் கட்டில் போட்டிருப்பார்கள். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஒன்றில் கட்டு மாற்ற வேண்டும். கட்டிலுக்கு ஆறு நிமிடம். மணி அடித்தால் அடுத்த கட்டில். பக்கத்தில் டீச்சர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டிக் போடுவார். மற்ற கட்டில்களில் ரப்பர் பொம்மை. ஏழாவதில் அண்ணன்.

"வேலை நாளெல்லாம் நடந்தேன், இப்ப படுக்கறதுக்குக் கூப்பிடறாங்க," என்பார்.

"படுத்தா மட்டும் போதுமா? வலிக்குதுன்னு முகத்துல காட்டணுமே."

"உன் சமையலை நினைச்சுக்குவேன். தானா வந்துடும்."

ஏழாம் கட்டிலில் மாத்திரை கொடுக்க வேண்டும். நோயாளியிடம் பெயர் கேட்டு, அவர் கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒப்பிட்டு, அதன் பிறகு கொடுக்க வேண்டும். மாத்திரை வெறும் மிட்டாய்தான். பட்டையில் ஒரு கற்பனைப் பெயர் இருக்கும். அண்ணன் அதை முந்தின நாளே மனப்பாடம் செய்வார். நான் அடுப்படியிலிருந்து "உங்க பேர் என்ன?" என்று திடீர் திடீரென்று கேட்டுச் சோதிப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்வில் மறந்துவிட்டார். வந்தவர்களிடமெல்லாம் சொந்தப் பெயரையே சொல்லியிருக்கிறார். பதினான்கு பேர் கேட்டார்கள், பட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள், மாத்திரையைக் கொடுத்தார்கள். டீச்சரும் கேட்டதற்கு ஒரு டிக், பார்த்ததற்கு ஒரு டிக் என்று போட்டுக்கொண்டே போனார். யாருக்கும் உறைக்கவில்லை. அண்ணனுக்கும்தான்.

பதினைந்தாவதாக வந்த பெண் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் படிப்பு அதோடு சரி. எதையும் மெதுவாகச் செய்வாள், கூடப் படிப்பவர்கள் 'நத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் கேட்டாள். பட்டையைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள்.

"ஐயா, நீங்க சொல்ற பேரு வேற, இதுல இருக்கற பேரு வேற. நான் இதைக் கொடுக்க மாட்டேன். வார்டு சிஸ்டரைக் கேட்டுட்டு வரேன்."

தேர்வறையில் வார்டு சிஸ்டருக்கு எங்கே போவது? தட்டைப் பிடித்தபடி நின்றாள். மணி அடித்தது. பட்டியலில் 'மாத்திரை கொடுத்தார்' என்ற வரி காலி. அது காலியாக இருந்தால் தேற முடியாது.

நோயாளி இடையில் பேசக்கூடாது என்பது விதி. அண்ணன் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், தப்பு என்னோடது. காலையிலேர்ந்து என் சொந்தப் பேரைத்தான் சொல்லிட்டிருக்கேன் போல. இந்தப் பொண்ணு ஒருத்திதான் காதுல வாங்கியிருக்கா."

"படுங்க சார், அடுத்த பொண்ணு வருது."

"பதினாலு பேரு வேற யாரோட மாத்திரையையோ எனக்குக் கொடுத்திருக்காங்க. நான் உயிரோட இருக்கறது மிட்டாய் புண்ணியத்துல."

டீச்சர் சிரிக்கவில்லை. பதினான்கு தாளையும் புரட்டினார். அத்தனையிலும் அவர் போட்ட டிக். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். சாயங்காலம் முடிவு சொன்னார்கள்: நத்தை தேறிவிட்டாள், மற்ற பதினான்கு பேரும் ஏழாம் கட்டிலுக்கு மட்டும் மறுபடி வர வேண்டும்.

"அவங்க என்னை முறைச்ச முறைப்புல நிஜமாவே வயிறு வலிச்சுது," என்றார் அண்ணன், வீட்டுக்கு வந்து.

அதற்குப் பிறகு தேர்வு முறையே மாறியது. இப்போது ஏழாம் கட்டிலில் சிலருக்கு வேண்டுமென்றே பெயர் பொருந்தாது. எந்த மாணவிக்கு என்று முதலிலேயே சொல்வதில்லை. அப்போது மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்துகிறவளுக்குத்தான் மதிப்பெண். பட்டியலின் கடைசியில் ஒரு வரியும் சேர்ந்தது: 'நான் சொன்னதைக் கேட்டாரா?' அதற்கு டிக் போடுவது நோயாளி. அண்ணன் அதற்கென்றே ஒரு பச்சைப் பேனா வாங்கினார்.

நத்தை இப்போது அந்த மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறாள். காலையில் பேசியது அவளா என்று எனக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் இப்போது அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

எல்லாம் முடிந்து, சாயங்காலம் டீச்சர் வந்தார். அடுத்த மாதத் தேர்வுக்கு ஏழாம் கட்டிலில் பொம்மையைத்தான் படுக்க வைக்க வேண்டும் என்றார்.

"பொம்மை எப்படி டிக் போடும்? நான் வரேன்," என்றேன்.

"வலிக்குதுன்னு நடிக்கணும்மா."

"அது வரும்."

அந்தத் தேர்வுக்காக ஒவ்வொரு கட்டிலிலும் மாட்டும் நோயாளி அட்டைகளை அண்ணன்தான் எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் பத்தும் இருக்கின்றன. ஒன்பது முடிந்துவிட்டது. ஏழாவதில் வயது அறுபத்து நான்கு என்றும், வயிற்று வலி என்றும் எழுதியிருக்கிறார். பெயர் எழுதவில்லை.