புஸ்பமக்காவின் கணினிப் பெட்டி

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே கையை விட்டு ரேம் அட்டையை உருவுகிறார் புஸ்பம். அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்க்கிறார். வாயால் ஊதுகிறார். மறுபடி செருகிச் சுவிட்சை அழுத்திவிட்டு, ஒற்றை 'பீப்' சத்தம் வரும்வரை அசையாமல் நிற்கிறார். வாவிப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்று எந்தத் தகட்டையும் சும்மா விடுவதில்லை. ஆகவே கிழமைக்கு மூன்று நாளாவது இந்தத் தேய்ப்பு உண்டு. சத்தம் கேட்டதும், "எழும்பிட்டான்," என்பார். அந்தக் குரலில் மகிழ்ச்சி இருக்காது. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

செங்கலடிச் சந்தியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அவர் வீடு. ஐம்பத்திரண்டு வயது. முன்னறையில் பதின்மூன்று வருடங்களாகத் தட்டச்சு செய்கிறார். விண்ணப்பங்கள், முறைப்பாட்டுக் கடிதங்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிதழ்கள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களின் ஆய்வேடுகள். யார் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி: "ஆருக்கு? என்னத்துக்கு? எண்டைக்குள்ள வேணும்?" பதில் கிடைக்காமல் விசைப்பலகையில் விரல் வைக்கமாட்டார். பாமினி எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அடிக்கும்போது உதடு அசையும். கழுத்து பிடித்துக்கொண்டால் எழுந்து கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார்.

அந்தக் கணினியில் முதல் நாள் வந்தது என்று சொல்ல வெளிப்பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் மட்டுமே மிஞ்சியிருந்தன. திரை, மூடிப்போன ஒரு தொலைபேசிக் கொமினிகேசன் கடையில் வாங்கியது. பவர் சப்ளை, இடிமின்னலில் போன வேறொரு கணினியில் பிழைத்தது. உள்விசிறியை இறுக்கிய திருகாணி கழன்று விழுந்த நாளிலிருந்து தையல் நூல்தான் அதைப் பிடித்திருக்கிறது. மாணவர்கள் அனுப்பும் புதிய கோப்புகள் பாதி திறக்காது. இணையத்தில் ஒரு படிவம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். கதிரவெளியில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரஷாந்தி தொலைபேசியில், "ஒரு லப்டொப்ப வாங்குங்களன் அம்மா," என்பாள். "வாங்குவம், வாங்குவம்," என்று இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையில் அவர் ஒன்றுக்குக் காத்திருந்தார். ஏறாவூரில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் றிப்ஷான், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மதர்போர்ட், புரொசசர், ரேம் மூன்றையும் ஒரு செட்டாகச் சுற்றி இவருக்கென்று எடுத்து வைத்திருந்தார். இரண்டு வருடச் சிறுசேமிப்பு அதற்குத்தான்.

பங்குனியில் கரடியனாற்றிலிருந்து வினாயகமூர்த்தி வந்தார். எழுபது தாண்டிய விவசாயி. மாரி வெள்ளத்தில் அவர் வீட்டுப் பெட்டகத்துக்குள் தண்ணீர் ஏறி, வயல்வட்டைக் காணிக்கு அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் கூழாகிவிட்டது. எல்லைத் தகராறு ஒன்றுக்கு இப்போது அதைக் கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பு புஸ்பம் அதை ஸ்கேன் செய்து கொடுத்தது கிழவருக்கு நினைவிருந்தது.

"அண்டைக்கு நீ சொன்னாய் புள்ள, கடுதாசி துலைஞ்சாலும் பயப்பிடாதீங்க, என்ட கொம்பியூட்டருக்குள்ள இரிக்கும் எண்டு."

புஸ்பம் அதை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். ஒருவருடைய கோப்பையும் அழித்ததில்லை. அன்று அந்தப் பழைய கோப்புறையைத் திறந்ததும் பெட்டிக்குள் 'டிக், டிக்' என்று ஏதோ தட்டியது. திரை நீலமானது. மூன்று முறை இயக்கிப் பார்த்தும் எழும்பவில்லை.

"ஒரு மாதம் தாங்க மாமா," என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினார்.

அடுத்த பஸ்ஸில் ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறாவூர் போனார். றிப்ஷான் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உள்ளுக்கு ஊசி தட்டுது அக்கா. நான் கை வெச்சா இன்னும் பழுதாப் போயிரும். வேற கொப்பி ஒண்டும் எடுத்து வெக்கல்லயா?"

"இல்ல தம்பி."

"கொழும்புக்கு அனுப்பினா எடுத்துப் பாப்பாங்க. முழுக்க வருமெண்டு சொல்லேலா. மறுகா, செட்டுக்கு வெச்சிருக்கிற காசு அப்படியே அதுக்குப் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

புஸ்பம் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்த அந்த செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயப்பிடாதீங்க எண்டு நான்தானே சொன்னன்," என்றார். "அனுப்புங்க. அந்த செட்ட வேற ஆருக்காவது குடுங்க."

றிப்ஷான் தன் கடையில் கிடந்த சிறிய பழைய டிஸ்க் ஒன்றைத் துடைத்து, காசு வாங்காமல் அவர் கையில் வைத்தார். "இது கொஞ்ச நாளைக்கு ஓடும் அக்கா."

அந்த மாதம் முழுதும் புஸ்பம் வந்தவர்களுக்கு வேலை செய்து கொடுத்தார். ஆனால் எவரிடமும் "என்ட கொம்பியூட்டருக்குள்ள இரிக்கும்" என்று சொல்லவில்லை. "ரெண்டு கொப்பி எடுத்து வெச்சுக்கொள்ளுங்க," என்றார். அயலிலிருந்து நான் ஒரு கடிதம் அடிக்கப் போனபோது எனக்கும் அதையே சொன்னார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கொழும்பிலிருந்து வந்ததில் பாதிக்கு மேல் வெறும் கோப்புப் பெயர்கள். திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. அனுமதிப்பத்திரத்தின் இரண்டாம் பக்கம் நடுவிலிருந்து சாம்பல் பட்டையாக மறைந்திருந்தது. முதல் பக்கம் முழுதாக இருந்தது. காணியின் இலக்கம், பரப்பு, பெயர், ஒப்பம். இலக்கம் தெரிந்தால் மீதியைத் தங்கள் பதிவேட்டில் எடுக்கலாம் என்று தொலைபேசியில் பிரதேச செயலகத்து எழுதுவினைஞர் ஒருவர் சொன்னார்.

சித்திரை வெயிலில் வினாயகமூர்த்தி வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அச்சடித்த தாளைக் கொடுத்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எவ்வளவு புள்ள?" என்றார்.

"பிறிண்ட் எடுத்த காச மட்டும் தாங்க மாமா."

கொடுத்தார். கொடுத்த பிறகும் எழும்பவில்லை. திரையில் இன்னும் அந்தப் பக்கம் இருந்தது. கீழ்மூலையில், நடுங்கிய கையால் போட்ட ஒப்பத்தை விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்தினார்.

"அது எங்கட அப்பா வெச்சது. பேரெழுத மட்டுந்தான் தெரியும் அவருக்கு. கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போறன், புள்ள."

"பாருங்க."

திறந்து கிடந்த பெட்டி சூடேறி அணைந்துவிடாமல் இருக்க, மேசை விசிறி நேராக அதை நோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. புஸ்பம் எழுந்து போய், விசிறியின் கழுத்தைப் பிடித்து, கிழவர் பக்கம் திருப்பி வைத்தார்.