எட்டாவது துண்டு

டெக்ஸாஸ், சுகர் லேண்ட். ஃப்ரீவேயை விட்டு இறங்கி, தேநீருக்காக ஒரு சீன பேக்கரிக்குள் நுழைகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கே வரிசை கதவு வரை நிற்கிறது. இன்று சீனர்களின் நிலாப் பண்டிகை. எல்லோரும் நிலா கேக் வாங்க வந்திருக்கிறார்கள். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, முன்னால் நிற்கும் பெண் திரும்பிப் பேச்சுக் கொடுக்கிறாள். சேலத்துக்காரி, கணவர் சீனர்.

“ஃபேமிலில எத்தனை பேரோ, இந்த கேக்கை அத்தனை துண்டா கட் பண்ணுவாங்க. வெளியூர்ல இருக்கறவங்களுக்குக்கூட ஒண்ணு எடுத்து வைப்பாங்க. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மாமனார் எனக்கு மட்டும் வச்சதே இல்ல. பேசினதும் இல்ல.”

“அப்போ இன்னிக்கு?”

“காலைல அவரே போன் பண்ணார். ‘எட்டா கட் பண்ணணும், பெருசா பார்த்து நீயே வாங்கிட்டு வா’ன்னார். என்னை விட்டா அவங்க ஏழு பேர்தான்.”

அவள் முறை வருகிறது. இருப்பதிலேயே பெரிய கேக்கைக் காட்டுகிறாள். பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்து வெளியே போகிறாள். காரின் முன் இருக்கையில் அதை வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிடுகிறாள்.