இடது கைக்கு மடங்காத கத்தி

ஒட்டுச்செடி கட்டும் தொழிலில் கத்தியைத் திறக்கும்போது யாருக்கும் காயம் பட்டு நான் பார்த்ததில்லை. மடக்கும்போதுதான் விரல் போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் இடது கைக்காரர்கள் இருந்தால், இந்நேரம் தங்கள் ஆட்காட்டி விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகும் வழியில் எங்கள் நர்சரி இருக்கிறது. மா, சப்போட்டா, கொய்யா, கொஞ்சம் ரோஜா. நானும் என் வீட்டுக்காரரும்தான் வேலைக்காரர்கள், நாங்களேதான் முதலாளிகள். அவர் தச்சு வேலைக் குடும்பத்துப் பிள்ளை. மரத்தை அறுப்பதை விட்டுவிட்டு ஒட்டவைக்க வந்தவர். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அது முதல் நான்தான் சோறு ஊட்டுகிறேன். வேறு யார் கையிலும் வாங்கமாட்டார். இடது கையால் எடுத்துச் சாப்பிடுவது கேவலம் என்று நினைக்கிறார்.

எனக்கோ பித்தப்பையில் கல். மதுரையில் ஆபரேஷன் செய்து ஒரு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அந்த ஒரு வாரம் அவர் பட்டினி கிடப்பார் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கத்தியைப் பற்றிச் சொல்ல வந்தவள் சோற்றைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கையில் வந்து நின்றன.

எந்தப் பக்கம் தள்ளுவது?

மடக்குக்கத்திப் பூட்டு ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. அலகைத் திறந்ததும், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று ‘டிக்’ என்று நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். முட்டு இருக்கிறவரை அலகு மடங்காது. வேலை முடிந்ததும் வலது கைக் கட்டைவிரலால் தகட்டை ஓரமாகத் தள்ளினால் கத்தி மடங்கிவிடும். வலது கைக்காரர்கள் இதை ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார்கள்.

அதே கத்தியை இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் மறுபக்கம் போய்விடும். தள்ளவேண்டிய தகட்டை நகத்தால் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டுத் தள்ள வேண்டும். அந்த விரல் நிற்கிற இடத்தில்தான் அலகு வந்து விழும். போதாததற்கு, அழுத்திப் பிடித்து வெட்டும்போது விரலின் சதையே தகட்டைத் தள்ளிவிட, நடு வேலையில் பூட்டு கழன்றுகொள்ளும். பூட்டு வைத்த கத்தி புதிதாக வந்தபோது, இதுதான் பாதுகாப்பு என்றார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை.

என் விரலில் நான்கு தழும்புகள் இருக்கின்றன. முதல் தழும்பு ஆறியதும் காரைக்குடியில் ஓர் இரும்புக் கடைக்குப் போய், இடது கைக்காரர்களுக்கென்று கத்தி ஏதும் வருகிறதா என்று கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். நிஜமாகவே யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கு எதுக்கும்மா தனிக் கத்தி? இதையே வாங்கிட்டுப் போயி வலது கையில பிடிச்சுக்கங்க.”

ஆச்சி எடுத்த கன்று

அதனால் என் கத்தியை மடக்குகிற வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு பாத்தியை முடித்து அடுத்த பாத்திக்கு நகரும்போது திறந்த கத்தியை அவர் பக்கம் நீட்டுவேன். தன் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்குவார், ஒரு தள்ளு, மடக்கித் திருப்பித் தந்துவிடுவார். பிரியமாகத்தான் செய்தார். ‘ஒரு கத்தியை மடக்கத் தெரியல இவளுக்கு’ என்பதும் அந்தப் பிரியத்துக்குள் இருந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது என்பதால் நான் சண்டைக்குப் போகவில்லை.

ஒரு நாள் ஓர் ஆச்சி காரில் வந்து இறங்கினார். புது வீடு குடிபோகிறார்கள், வாசலுக்கு ஒரு மாங்கன்று வேண்டும். அப்போது நான் ஒட்டுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தேன். ஆச்சி என் கையைப் பார்த்தார். “என்ன, நொட்டாங்கையில கட்டுறீக? குடிபோற வீட்டுக்கு இது ஆகாதே” என்றார். என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “ஐயையோ, எல்லாம் நான் கட்டுனது ஆச்சி. அவ சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கா.”

நான் நாடாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். ஆச்சி வரிசையைச் சுற்றி வந்து, இருப்பதிலேயே செழித்த கன்றாக ஒன்றை எடுத்தார். அதன் நாடா எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருந்தது. இடது கை அப்படித்தான் சுற்றும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. அன்றிலிருந்து யாராவது வந்தால் நான் நிழல்வலைக்குப் பின்னால் போய்விடுவேன். ஆச்சி கன்றின் துளிரைத் தடவிக்கொண்டே சொன்னார்: “பார்த்தீகளா, கைராசிக்காரர் கட்டுனா எப்படி வருதுன்னு!”

விழுந்த பக்கம்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் குழறியது, கோபம் குழறவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண்பிள்ளை வந்தாள். சின்ன வயது, சிரித்த முகம். ஒரு கிண்ணத்தில் பொரியைப் போட்டு அவருடைய இடது கையில் கரண்டியைக் கொடுத்தாள். அவர் கரண்டியைக் கட்டிலுக்குக் கீழே போட்டார். எடுத்துக் கொடுத்தாள். மறுபடி போட்டார்.

எனக்கு என் பள்ளிக்கூட நாட்கள் நினைவு வந்தன. எழுத, வெட்ட, பூத்தொடுக்க எல்லாம் இடது கை. சோறு மட்டும் அடி வாங்கி வாங்கி வலது கைக்கு மாறியது. அந்த அடி வாங்கிய கையால்தான் இப்போது அவருக்கு உருட்டிக் கொடுக்கிறேன். மூன்று வேளையும் வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். யார் ஊட்டுகிறார்கள் என்று பார்க்கக்கூடாது என்பதுபோல.

“இந்தக் கை ஜோரா இருக்கு தாத்தா, இதாலேயே சாப்பிடலாமே” என்றாள் அந்தப் பெண். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: “அந்தக் கை எதுக்குன்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா, தாயி?”

நூர்ஜஹான் கொண்டுவந்த பொட்டலம்

நூர்ஜஹான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எங்கள் ரோஜாக் கன்றுகளைப் பாதி விலை பேசி வாங்கிப்போய், பிறகு முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அவள் மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். போன வருடம் விடுமுறைக்கு வந்தவன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

பிரித்துப் பார்த்தால் மடக்குக்கத்தி. இடது கையில் எடுத்தேன். திறந்தேன். கட்டைவிரல் தானாகப் போய் ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்தது. தள்ளினேன். மடங்கியது. மறுபடி திறந்து, மறுபடி மடக்கினேன். எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. அழுகை வந்தது. ஒரு கத்திக்கு அழுகிற வயதா? மடக்கத் தெரியாதவள் என்று என்னை நானே எத்தனை வருடம் நம்பியிருக்கிறேன் என்றுதான் அழுதேன். கட்டிலிலிருந்து அவர் அந்த ‘டிக்’ சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இடது கைக் கத்திதான் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று நூர்ஜஹானிடம் கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் ரோஜாத் தொட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னாள்: “பெரியம்மாவுக்கு எந்தக் கைம்மான்னு போன்ல கேட்டான். ஆளு வந்தா எந்தக் கைய ஒளிச்சு வைக்கிறாகளோ அந்தக் கைதான்டான்னு சொன்னேங்க்கா.”

என் மடியில் இருந்த கத்தி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் பார்த்தேன்.

சோற்றைத் தொடாத கை கத்தியையாவது தொடும், கத்தியைத் தொட்டுப் பழகினால் ஒரு நாள் தட்டையும் தொடும். இதுதான் என் கணக்கு. ஒரு காலையில் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முன்னால் பலகையைப் போட்டு, நாலைந்து மாங்குச்சிகளை வைத்தேன். பிறகு அவருடைய கத்தியைத் தேடி எடுத்துத் துடைத்து, அலகைத் திறந்து, அவருடைய இடது கையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பிடியின் மேல் வைத்துக்கொண்டார். முகத்தில் வெளிச்சம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் சீவல் நன்றாக வந்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் அழுத்தித் திருகினார். வலது கைக்காரனுக்குச் செய்த பூட்டு, இடது கை விரலின் சதை பட்டு நகர்ந்தது. அலகு அப்படியே மடங்கி அவர் ஆட்காட்டி விரலில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்தப் பூட்டு இடது கையில் என்ன செய்யும் என்று காரைக்குடியிலேயே அதிகம் தெரிந்தவள் நான். என் விரலில் நான்கு முறை எழுதிப் பார்த்த பாடம். இடது கைக் கத்தி அப்போது என் மடியில்தான் செருகியிருந்தது. அவருக்கு அவருடைய கத்திதான் பிடிக்கும் என்று நினைத்தேனா, என்னுடையதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லையா? இரண்டும் சேர்ந்ததா? எத்தனையோ நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து தையல். தையல் போட்டவர் கட்டைச் சுற்றி முடித்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டுகிற குரலில்கூட இல்லாமல் கேட்டார்: “ஏம்மா, அவருக்கு இருக்கிறதே ஒரு கை. அதுலயா கத்தியக் கொடுத்தீக?”

அங்குட்டுப் பாரு

விரலில் கட்டு இருந்த நாட்களில் ஒரு மத்தியானம், ஊட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. தட்டு கைநழுவி விழுந்தது. தரையில் சுருண்டு படுத்தேன். பாதிச் சோறு அவர் வாயில் இருந்தது. எழுந்து வர முடியாமல் அவர் ‘ஏய், ஏய்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நூர்ஜஹான் வந்து என்னைத் தூக்கி உட்காரவைக்கும்வரை அதை நிறுத்தவில்லை.

தையல் பிரித்த மறுநாள் காலை இட்லியைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. இடது கையால் தட்டைத் தன் மடிக்கு இழுத்தார். “அங்குட்டுப் பாரு” என்றார். திரும்பி உட்கார்ந்தேன். எவர்சில்வர் தட்டில் விரல் நகரும் சத்தம் கேட்டது. இட்லி கீழே விழுந்தது; எடுக்க நான் திரும்பவில்லை. இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு தினமும் அப்படித்தான்: அவர் சாப்பிடுவார், நான் மாங்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே காலடி கேட்டால் துண்டை இழுத்துக் கையை மூடிக்கொள்வார். கத்தியை மட்டும் மறுபடி தொடவில்லை. காட்டினாலே தலையைத் திருப்பிக்கொண்டார். மதுரைக்கு நாள் குறித்தாயிற்று. நூர்ஜஹான் சமைத்து வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவள் முன்னால் கையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்குப் போகவில்லை.

போன வாரம் நான் பின்னால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, கொய்யாக் கன்று கேட்டு ஒருவர் நேராக உள்ளே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தட்டில் கை வைத்திருந்த நேரம். “என்ன ஐயா, நொட்டாங்கையில சாப்பிடுறீக?” என்று வந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார். துண்டு பக்கத்தில்தான் கிடந்தது. குழாயை மூடிவிட்டு நான் அப்படியே நின்றேன். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அடுத்த வாயை எடுத்தார். பிறகு சொன்னார்: “எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் இந்தக் கைதான் தம்பி. உள்ள ஆளு நிக்குது, கன்னு என்னன்னு கேட்டு வாங்கிக்கங்க.”

இடது கைக்காரர்களே, நம் கைக்கு மடங்குகிற கத்தி கடல் தாண்டியாவது கிடைத்துவிடுகிறது. நம் பக்கம் வந்து உட்கார ஒரு மனிதருக்குத்தான் மறுபக்கம் முழுவதும் விழவேண்டியிருக்கிறது.