விரல் நுனியில் சரக்கு இல்லை

சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு சேலைக்கடை. விசைத்தறிச் சேலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால், அது சுத்தப் பருத்தியா கலப்பா என்று சொல்லிவிடுவேன் என்பது என் வீட்டுக்காரரின் பெருமை. நான் ஏதாவது சொல்ல வந்தால், "உனக்கு கலர் மட்டும்தாம்ட்டி தெரியும்" என்பார்.

போன வருஷம் கடையின் கண்ணாடி அலமாரி உடைந்து, அவருடைய வலது ஆட்காட்டி விரலை ஆழமாக வெட்டிவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து அறுந்த நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறியது. ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி இல்லை.

மறுபடியும் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"தொட்டா தெரியுததுக்குன்னே தோலுக்குள்ள குட்டிக் குட்டியா உறுப்பு இருக்கு அண்ணாச்சி. நரம்பு நுனி அதுக்குள்ளதான் போய் முடியும். நரம்பு அறுந்துட்டா, அந்த உறுப்புல இருக்க வேண்டிய சில புரதம் குறைஞ்சு போகும். நரம்பு வளந்து அங்க போய்ச் சேந்தா திரும்ப வரலாம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

அவர் யோசித்தார். "அப்போ கடை இருக்கு, உள்ள சரக்கு இல்லன்னு சொல்லுதீய."

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

புரதம் என்ற சொல்லை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் முட்டை, சாயங்காலம் சுண்டல் என்று ஆரம்பித்தார்.

"திங்குத முட்டை நேரா விரலுக்கா போவும்? டாக்டரம்மா சொன்னது அது இல்லங்க."

"வேற எங்க போவும்?"

நான் அவர் வயிற்றைப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு பொருள்களைத் தொட்டுச் சொல்லும் பயிற்சியையும் டாக்டர் கொடுத்திருந்தார். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். துண்டால் கண்ணைக் கட்டினேன். உடனே பஞ்சு உப்புத்தாளாகிவிட்டது. துண்டை அவிழ்த்துவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது இனி வராது. கடையில எனக்கு என்ன வேலை?"

அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. "நரம்பு மெதுவாத்தான் வளரும்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு சரக்கு வந்தால், ஏஜெண்டுக்கு முன்னால் அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு சேலையைத் தேய்ப்பார். அப்புறம், "நீயும் பாரு" என்று என்னிடம் நீட்டுவார். நான் தலையசைத்தால் எடுத்துக்கொள்வார். உதட்டைப் பிதுக்கினால், "சரிப்படாது" என்று தானே கண்டுபிடித்ததைப் போலச் சொல்வார். எனக்கும் நூலின் பதம் பிடிபட்டுவிட்டது.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், சேலை மடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை இழுத்தார்.

"ஏட்டி, குத்துது."

"ஊசி இருக்கா?"

"ஊசி இல்ல. விரலுக்குள்ள குத்துது." முகமெல்லாம் சிரிப்பு. வலித்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டது. பஞ்சு பஞ்சாகவே தெரிகிறதாம். மெல்லிய கலப்பு மட்டும் இன்னும் ஏமாற்றிவிடுகிறது. ஏஜெண்டுகள் வந்தால், "நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டுச் சொல்லுதோம்" என்கிறார். முட்டையை மட்டும் நிறுத்தவில்லை.